நீங்கள் எழுதி வைத்த பதினொரு பெயர்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் மறுபடியும் சண்டை மூண்டுவிட்டது. ரேடியோவில் யாழ்ப்பாணம் என்று கேட்டாலே அம்மா நிறுத்திவிடுகிறாள்.

அன்று நம் ராணுவம் இலங்கைக்குப் போனபோது, தமிழ் தெரிந்தவர் என்று உங்களை உளவு வேலையில் சேர்த்தார்கள். உங்களிடம் பேச வந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினீர்கள். திரும்பி வந்து மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியான பிறகு, ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றி வாய் திறந்தீர்கள்.

“எத்தினி நாட்டுக்காரன் அந்தத் தீவுல காது வச்சிருந்தான் தெரியுமா? ஒருத்தன் துப்பாக்கி குடுத்தான், ஒருத்தன் பயிற்சி குடுத்தான், நாங்க படையோட போனோம். எல்லாரும் திரும்பிட்டோம். எங்கள நம்பிப் பேசுனவங்க அங்கியே நின்னாங்க. எங்ககிட்ட பேசுனதுக்காகவே நாலு பேர சுட்டுட்டாங்கம்மா.”

போன மாதம், உச்சி வெயிலில் நான் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது கவர்மெண்ட் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர்தான் பேசினார். மற்றவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கப்பா ஒரு நோட்டு வச்சிருந்தாராமே. அதுல இருக்கிற ஆளுங்க இப்ப எங்களுக்கு வேணும்.”

“அப்படி எதுவும் இல்லீங்க.”

“யோசிச்சி சொல்லும்மா. உன் தம்பி மிலிட்டரிக்கு மனு போட்டிருக்கான் இல்ல? நாளைக்கு வர்றோம்.”

வீட்டுக்கு ஓடிவந்து தம்பி குமாரிடம் சொன்னேன்.

“குடுத்துடுக்கா. நம்ம கவர்மெண்டுதான கேக்குது?”

“அப்பாகிட்டயும் நம்ம கவர்மெண்டுதாண்டா கேட்டுச்சு.”

அவன் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போனான். நான் முந்திக்கொண்டு நோட்டை எடுத்துப் பிரித்தேன். பதினொரு பெயர்கள். நாலின் மேல் கோடு கிழித்திருந்தீர்கள். மீதி ஏழு பேரில் ஒருவர் டீச்சர் என்று எழுதியிருந்தது. அவர் இன்னும் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தால்? நோட்டை எரியும் அடுப்பில் செருகினேன். இழுக்க வந்த குமாருக்கு விரல் சுட்டுவிட்டது.

மறுநாள் அவர்கள் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார்கள். பேசாத மனிதர் அடுப்படியில் குந்தி, சாம்பலைக் குச்சியால் கிளறினார். நோட்டின் கருகிய அட்டைத் துண்டு மேலே வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, “இங்க ஒண்ணும் இல்ல சார்” என்றார். அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

குமாருக்கு இன்னும் மிலிட்டரி ஆர்டர் வரவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. நான் செய்தது சரிதானா அப்பா? இத்தனை வருடம் நீங்கள் ஏன் அதை எரிக்காமல் வைத்திருந்தீர்கள்?

எரிக்கும் முன் படித்துவிட்டேன். அந்த ஏழு பேரும் இப்போது என்னிடம் இருக்கிறார்கள். எந்தக் கொடியோடு யார் வந்து கேட்டாலும் என் வாயிலிருந்து ஒரு பெயரும் வராது. இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
வசந்தா