வெள்ளிக்கிழமைகளில் மணக்காத வீடு

அத்தான்,

இன்று காலை பேஸ்மென்டில் நீங்கள் பூட்டிய காற்றுப் பெட்டியைத் திறந்து வடிகட்டிகள் இரண்டையும் எடுத்துக் கழுவினேன். தொட்டியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று சொல்லியிருந்தீர்கள். நான் மாதம் பிறந்தால் கழுவுகிறேன். "போன மாதந்தானேயப்பா கழுவினனீர்?" என்று இவர் மேலிருந்து கேட்டார். ஈரத் தூசியின் மணம் இன்னும் கையில் இருக்கிறது. அதோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். கடையில் ஒரு தேங்காயை மூன்று தரம் குலுக்கிப் பார்த்துவிட்டு, வேறொன்றை எடுப்பவள் நான். அக்காவைக் கட்டிய காலத்திலிருந்தே, "உம்மட தங்கச்சி பொலிசில சேர்ந்திருக்க வேண்டிய ஆள்" என்று அவளிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்கு அது புகழ்ச்சி போலத்தான் கேட்கும்.

மார்க்கம் நகரில் எங்கள் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டியபோது, காற்றுக் குழாய் வேலை முழுவதையும் உங்களிடம் கொடுத்தோம். இருபது வருடமாக அதுதானே உங்கள் தொழில். கூடவே இந்த எச்.ஆர்.வி. பெட்டியும் கட்டாயம் வேண்டும் என்றீர்கள். "வீட்டை இப்பிடி இறுக்கிக் கட்டிப்போட்டு, அது மூச்சு விட வேண்டாமே மச்சாள்?" பழைய காற்றை வெளியே தள்ளும், புதிய காற்றை உள்ளே எடுக்கும், ஆனால் சூட்டை வெளியே விடாது என்று விளக்கினீர்கள். "காத்துப் போகுமாம், சூடு போகாதாம். ஆருக்குக் காது குத்துறியள்?" என்று நான் கேட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. "ரெண்டு காத்தும் பக்கத்துப் பக்கத்தில போகும், ஒண்டோட ஒண்டு முட்டாது. சூட்டை மட்டும் கைமாத்திப்போட்டுப் போகும்" என்றீர்கள்.

பூட்ட வந்த அன்று பெட்டியின் அட்டை ஏற்கெனவே பிரிந்திருந்தது. ஒரு மூலை நசுங்கியும் இருந்தது. அடிபட்டிருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்ததாகச் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன், நம்பவில்லை. பக்கச் சுவரில் இரண்டு துளை போட்டு இரண்டு மூடிகள் பொருத்தினீர்கள். எது காற்றை உறிஞ்சும், எது துப்பும் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். நான் அதைக் கேட்கவில்லை. புதுச் செங்கல் எங்கேயாவது உடைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால் காய்ச்சிக் குடிவந்து இரண்டு கிழமைக்குள் மணம் தொடங்கியது. மேல்மாடி அறைகளில் பழைய எண்ணெய் மணம், மாலையானால் தலையணை உறை வரைக்கும். எனக்கோ விளங்கவில்லை. புதுவீடு மணக்கக்கூடாது என்பதற்காக நான் மீனை உள்ளே பொரிப்பதேயில்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான பாதையில், காற்றுப் படாத இடம் பார்த்து, சுவரோரம் காஸ் அடுப்பை வைத்து, பனி கொட்டினாலும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியில்தான் பொரித்தேன். மீன் வெளியே, மணம் உள்ளே என்றால் அது வேறு யாரோ வீட்டு எண்ணெய்தான். நசுங்கிய அட்டை நினைவுக்கு வந்தது. எவருடைய வீட்டிலோ கழற்றிய பழைய மெஷினை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன்.

உங்களுக்கு வேலை நேரத்தோடு முடிவது வெள்ளிக்கிழமைகளில். ஒவ்வொரு வெள்ளியும் வந்தீர்கள். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு அறையிலும் மூக்கைக் கொடுத்து, "ஒண்டும் மணக்கேல்லையே மச்சாள்" என்றீர்கள். உண்மைதான், அன்று மணக்காது. நீங்கள் வரும் நாளில் மட்டும் மணக்காத அந்த மெஷின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. வேண்டுமென்றேதான் வெள்ளிக்கிழமை வருகிறீர்கள் என்று இவரிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கோல் எடுத்துக் கூப்பிட்டும் பார்த்தேன். யாரோ வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மிசிசாகாவிலிருந்து ஓடி வந்தீர்கள். வந்து சேர்வதற்குள் மணம் போய்விட்டது. உங்கள் மெஷின்தான் அதை வெளியே தள்ளியிருக்கிறது.

ஒருநாள் போகிறபோக்கில், "மச்சாள், மீன் எங்கை வைச்சுப் பொரிக்கிறனீர்?" என்று கேட்டீர்கள். எத்தனையோ தமிழ் வீடுகளில் வேலை செய்த மனிதர், சரியான இடத்தில்தான் கை வைத்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. புதுக் குசினியைக் கும்பிட்டு வைத்துக்கொண்டு பனிக்குள் நின்று பொரிக்கிறாள் என்று அக்காவிடம் சொல்லிச் சிரிக்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். "ஏன், எங்கட வீட்டில குசினி இல்லையோ?" என்றேன். அடுப்பு கராஜுக்குள் போர்வைக்குக் கீழே இருந்தது.

பிறகு ஸ்காபரோவில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில், சாப்பாட்டு மேசையில், பெரியம்மாவின் மகனிடம் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவனும் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தான், வேலையை உங்களுக்குத் தருவதாக இருந்தான். "அத்தான் எனக்குப் பழைய மெஷினைப் பூட்டிப்போட்டார், நீ கவனமாய் இரு" என்றேன். மேசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவன் வேலையை வேறு ஆளிடம் கொடுத்தான். கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அடுத்த வெள்ளியும் வந்தீர்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதுதான் விடாமல் வருகிறார் என்று நினைத்தேன்.

பனி உருகத் தொடங்கிய கிழமை, வேலைத்தளத்தில் உங்களுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்களுக்குத் துடக்கு, தீட்டு எதுவும் இல்லை. என்றாலும் அக்காவுக்காக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை நாங்களும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடவில்லை. முப்பத்தொரு நாள் வீட்டில் ஒரு மணமும் இல்லை. "மெஷின் திருந்தீட்டுதுபோல" என்று இவர் சொன்னார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அந்தியேட்டி முடிந்து இரண்டாம் நாள் அறக்குளா மீன் வாங்கி வந்து வழக்கமான இடத்தில் பொரித்தேன். பாதியில், போனை எடுப்பதற்காக மேலே அறைக்கு ஓடினேன். அறை முழுவதும் அதே மணம். ஜன்னலால் கீழே பார்த்தேன். அடுப்பிலிருந்த தாச்சியிலிருந்து எழும்பிய எண்ணெய்ப் புகை என்னிடம் வரவில்லை. சுவரோடு சாய்ந்து, நீங்கள் தொட்டுக் காட்டிய மூடிகளில் ஒன்றுக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் சைவம் அத்தான். அதனால்தான் நீங்கள் வரும் நாட்களில் மணக்கவில்லை. கட்டிலில் இருந்து அழுதேன். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. கீழே மீன் கருகியது.

அன்றே ஸ்காபரோவுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழும்பிப் போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். உள்ளே இன்னும் பிரிக்காத ஒரு புதுப் பெட்டி, அதே மெஷின். "உன்ர வீட்டில மாத்திப் பூட்டுறதுக்கெண்டு வாங்கி வைச்சவர்" என்றாள்.

"அவருக்கும் அந்த மெஷினில சந்தேகமோ அக்கா?"

"மெஷினில இல்லையடி. தன்னில. இருபது வருசம் செய்த வேலை, நான் எங்கையோ பிழை விட்டிட்டன், என்ர மூக்கும் வேலை செய்யேல்லைப் போல எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

உங்கள் கையை உங்களையே நம்பாமல் செய்துவிட்டேன். ஊரில் உங்கள் பெயரைக் கெடுத்ததை விட இதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. ஆனாலும் கெடுத்த பெயரையாவது திருத்திவிட வேண்டும் என்று நினைத்தேன்.

போன கிழமை உங்கள் முதலாம் ஆண்டுத் திவசம். சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்த நேரம் நான் எழும்பி நின்று சொன்னேன். அத்தான் பூட்டியது புது மெஷின், வேலையில் ஒரு குறையும் இல்லை, பிழை முழுவதும் என்னுடையது என்று, அடுப்பை வைத்த இடம் வரைக்கும் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பெரியம்மாவின் மகன் கை கழுவிவிட்டு வந்து என் தோளைத் தட்டினான். "ஓமோம் அக்கா. செத்த ஆக்களைப் பற்றி நல்லதைத்தானே சொல்ல வேணும்."

"இல்லையடா, உண்மையாத்தான் சொல்லுறன்" என்றேன். அவன் சிரித்தபடியே தலையாட்டினான். ஒரு சொல்லையும் நம்பாத முகம். எனக்கு நன்றாகத் தெரிந்த தலையாட்டல் அது.

நான் சுமந்துகொண்டு திரிவது இதைத்தான். அந்த முகத்துக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்க என்னால் முடியவில்லை, ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீங்களோ வெள்ளிக்கு வெள்ளி என் வாசலில் அதே முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, "தேத்தண்ணி ஒண்டு தாரும் மச்சாள்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தீர்கள்.