வேலியோரத்துச் செல்கள்

டுலூத்,
மார்ச் மாதம், பனி இன்னும் விடவில்லை

அன்புள்ள தங்கை இர்யாவுக்கு,

முதல் பத்தியோடு நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுக்காதே. கடைசிவரை படி. அழைத்தால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஆர்வில் காலையில் வந்து வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறான், காபியும் ஏலக்காய் ரொட்டியும்தான் கூலி. அறுவைத் தழும்பு ஆறிவிட்டது. சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலுக்கு மட்டும் டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. மார்பகத்தை எடுத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய குறை.

இனி விஷயம். என் கட்டியில் ஒரு புரதத்தைச் சோதித்தார்கள், நினைவிருக்கிறதா? அதன் பெயர் எழுத்தும் எண்ணுமாக நீளும். நான் அதற்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறேன். செல்களைச் சுற்றி வலை போல ஒரு வேலி உண்டு. இந்தப் புரதத்தை நிறையச் சுரக்கும் புற்றுச் செல்கள் அந்த வேலியை வெட்டிக்கொண்டு வெளியே போய்விடும், பிறகு ரத்தத்தோடு எங்கே வேண்டுமானாலும் குடியேறும். என் கட்டியில் அது மிகக் குறைவு, பரவும் வாய்ப்பும் குறைவு, மாத்திரை போதும், கீமோ வேண்டாம் என்று முடிவு வந்தது. நீயும் அரிசோனாவில் உன் வீட்டில் எனக்கு அறை ஒழித்துவைத்துவிட்டாய்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். சோதனையை எப்படிச் செய்தீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டேன். கட்டியிலிருந்து ஊசி கனத்தில் சில துண்டுகளைக் குடைந்தெடுத்துச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். எங்கிருந்து எடுப்பீர்கள் என்றேன். திசு தாராளமாக இருக்கும் நடுப்பகுதியிலிருந்துதான், அதுதான் வழக்கம் என்றார்கள்.

இர்யா, நான் எத்தனை வருஷம் பள்ளி இடைவேளையில் மைதானத்தைக் கண்காணித்திருக்கிறேன்! ஓடிப்போக நினைக்கும் பிள்ளைகள் நடுவில் நின்று பந்தாட மாட்டார்கள். அவர்களை வேலியோரத்தில்தான் தேட வேண்டும்.

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அக்கா, நல்ல சேதி வந்திருக்கு, வாய மூடிட்டு வாங்கிக்கோயேன். எதுக்கு அதப் போட்டுக் கிளறுற?" ஆர்வில் அதற்கும் ஒரு படி மேலே போனான். "நல்ல மார்க் வாங்கிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போற ஒரே ஆளு நீதான், லெம்பி." இருவரும் என்மேல் உள்ள அன்பால்தான் சொன்னீர்கள். அதனால்தான் இருவர் பேச்சையும் நான் கேட்கவில்லை.

திசு சோதிக்கும் டாக்டர் குவிஸ்ட்டை நேரில் போய்ப் பார்த்தேன். நோயாளிகள் யாரும் அவர் அறைக்கு வருவதில்லை போலும், நாற்காலியில் இருந்த கண்ணாடித் தகடுகளை அகற்றித்தான் எனக்கு இடம் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். இந்தக் குடையும் முறையில் தனக்கும் கொஞ்சம் உறுத்தல் உண்டு, ஓரத்தைத் தனியாகப் பார்க்கலாம் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓரத்துல பாத்தா, நீங்க விரும்பாத பதிலும் வரலாம், மிஸஸ் ஹார்யு."

"வாழ்க்கை பூரா விடைத்தாள் திருத்தினவ நான்," என்றேன். "தப்பா எழுதிருப்பாங்களோன்னு பயந்து ஒரு கட்டக்கூடப் பிரிக்காம விட்டதில்ல."

நேற்று நுண்ணோக்கியில் எனக்கே காட்டினார். நடுப்பகுதி வெளிறி, பழைய பேரேட்டுத் தாள் போல இருந்தது. தகட்டை மெல்ல நகர்த்தினார். விளிம்பு வந்ததும் பழுப்பு நிறம் அடர்ந்தது, அந்தப் புரதம் இருக்கும் இடத்தில்தான் சாயம் அப்படிப் பிடிக்குமாம். அந்தச் செல்கள் கும்பலை விட்டுப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வெளியே போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு ஒழுங்கான வரிசையை என் வகுப்பில்கூட நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றின் கையிலும் கத்தரிக்கோல்.

ஆக, நான் சொன்னதுதான் சரி. ஒரு விஷயத்தில் சரியாக இருந்துவிட்டு அவ்வளவு நேரம் வண்டியைக் கிளப்பாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு இதுவே முதல் முறை.

திங்கட்கிழமை கீமோ தொடங்குகிறது. தலைமுடி போகும், வாய் புண்ணாகும், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நீ கேட்பாய். தேவைதான். என்னைக் கேட்காமல் என் உடம்பை விட்டு எவனும் வெளியே போகக் கூடாது. அவர்கள் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் துரத்திக்கொண்டு மருந்து வரும். வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சாறு குடித்தபடி நல்ல சேதியை நம்பிக்கொண்டிருக்க என்னால் முடியாது. நீ ஒழித்துவைத்த அறையில் மறுபடி உன் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல சேதி உனக்கு வேண்டியிருந்தது. எனக்கு நிஜமான சேதி வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

போன கடிதத்தில், நீ வரவேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. சிவப்பு மையில் அடி.

அரிசோனாவில் விற்கும் கோட்டு இந்த ஊருக்கு ஆகாது. நீ விட்டுப்போன கம்பளிக் கோட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. நேற்று திரும்பி வந்ததும் அதை வெளியே எடுத்து உதறி, வராந்தாவில் காற்றாடத் தொங்கவிட்டிருக்கிறேன். பித்தான்கள் எல்லாம் இருக்கின்றன, பார்த்துவிட்டேன்.

நீ நன்றாக இரு. விமானம் எப்போது என்று மட்டும் சொல், ஆர்வில் வந்து அழைத்து வருவான்.

உன் பிடிவாதக்கார அக்கா,
லெம்பி