டீச்சரம்மாவின் மைக் பேட்டரி

டீச்சரம்மா,

உன் மைக் பேட்டரி நாலையும் மூன்று தடவை முழுக்கத் தீரவிட்டு, திரும்ப ஏற்றி அளந்து பார்த்தேன். மேலே கொள்ளளவு 2500 என்று போட்டிருக்கிறது. இரண்டு மட்டும் 2100 வரை தேறின. அவற்றை மைக்கில் போட்டுவிட்டேன். மற்ற இரண்டும் 700-ஐத் தாண்டவில்லை. விடிய விடிய ஏற்றினாலும் இரண்டாவது பீரியடில் கழுத்தறுக்கும். தூக்கிப் போட்டுவிடு.

சாப்பாடு அடுப்புமேல் மூடியிருக்கிறது. தொண்டை ஆறும்வரை கத்திப் பாடம் நடத்தாதே.

"சார்ஜ் போட மறந்துட்டு மைக்கை ஏன் குறை சொல்றே?" என்று கேட்டேனே, அது தப்பு. நீ ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாய்.

பி.கு: சாயங்காலம் உன் தங்கை சாவி வாங்க வருவாள். அவள் முன்னால்தானே அப்படிக் கேட்டேன். இந்தச் சீட்டை அவளும் படிக்கட்டும்.