தொங்கு பாலத்தில் கரகம்

2 ஏப்ரல் 1929, செவ்வாய்

மூட்டுவலி. பெக்கோக் டவுன் கடைக்காரன் அனுப்பிய தேயிலையில் பாதி குச்சி. திருப்பி அனுப்பிவிட்டேன்.

பத்து மணிக்கு ஆறு பெண்கள் பால் வாளிகளோடு புதுப் பாலத்தில் வந்தார்கள். டிசம்பர் வெள்ளம் மரப்பாலத்தைக் கொண்டுபோன பிறகு தோட்டக் கம்பெனி கட்டிய தொங்கு பாலம் இது. இரண்டு கம்பி வடம், நடுவில் பலகை. என் வராந்தாவில் உட்கார்ந்தால் முழுவதும் தெரியும். பாடிக்கொண்டு, பாட்டுக்குக் கால் போட்டு வந்தார்கள். நடுப்பாலத்தில் பலகை எழும்பியது, இறங்கியது, மறுபடி இன்னும் உயரமாக எழும்பியது. பேச்சியம்மாள் மண்டியிட்டுவிட்டாள். இரண்டு வாளிப் பாலும் ஆற்றில். கீழே பாறை.

இந்தக் கரைக்கு வந்ததும் என் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "பாலத்துக்கு உசிரு இருக்குது டிரெசரம்மா. மாடு மாதிரி முதுகைச் சிலுப்புது" என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி சித்ரா பௌர்ணமி. இந்த வருஷம் மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பவள் இவள்தான். கரகம் ஜோடிப்பது இந்தக் கரையில், கோயில் அந்தக் கரையில். பின்னால் இருநூறு பேர் வருவார்கள். மண் ரோடு வழியாகச் சுற்றினால் ஏழு மைல்.

இதை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

4 ஏப்ரல், வியாழன்

துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். பாலம் பாரம் தாங்காது, ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று. என் கணவர் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் டிரெசராக, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுபவராக, இருந்தவர். அவர் காலமான பிறகும் ஆஸ்பத்திரிக் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். துரை என் எழுத்தைப் படிப்பார்.

லெட்சுமணன் கங்காணி கோயில் தலைவரும்கூட. மாலையில் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்: "துரைக்குக் கடுதாசி போட்டீங்களாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டால் நிறுத்துவீர்களா?"

"கரகத்த நிறுத்துறதா!" காதைப் பொத்திக்கொண்டார்.

7 ஏப்ரல், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

கங்காணி ஸ்டோரிலிருந்து இருபத்து நாலு அரிசி மூட்டை கொண்டுவந்து நடுப்பாலத்தில் அடுக்கினார். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். தொழிலாளர் லயத்தில் பாதிப் பேர் கரையில் கூடிவிட்டார்கள். பாலம் கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். வெயில் ஏறும்வரை அப்படியே கிடந்தது.

"அலமாக்! பாலம் இன்னும் நிக்குதே டிரெசரம்மா!"

"மூட்டைக்குப் பயமில்ல. அம்மாவுக்குத்தான் பயம்."

சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "நல்ல காரியத்துக்கு முன்னாடி அந்தம்மா வந்து வாய் வைக்கலாமா?" கங்காணி அவளை அடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் ஒளிந்துகொண்டேன் என்பார்கள்.

8 ஏப்ரல், திங்கள்

ஆறு பெண்களுக்கு ஆடியது இருபத்து நாலு மூட்டைக்கு ஆடவில்லை. ஏன்?

மூட்டை நடக்காது.

9 ஏப்ரல், செவ்வாய்

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து கான்வென்ட் பௌதிகப் புத்தகத்தை எடுத்தேன். பினாங்கில் பதினாறு வயதில் படித்தது. கரையான் ஒளியையும் வெப்பத்தையும் தின்றுவிட்டிருக்கிறது. வேலை, ஆற்றல், அலை – மூன்றும் மிச்சம்.

ரம்புத்தான் மரத்தில் கயிறு கட்டி, தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டேன். பனை விசிறியால் விசிறினேன். கண்டபடி விசிறினால் வாளி அசையவில்லை. என்னைவிட்டு அது விலகிப் போகத் தொடங்கும் நேரம் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே ஒரு வீச்சு கொடுத்தேன். எண்பது வீச்சில் ஒரு முழம் ஆடியது! காற்று அடித்து அவ்வளவு கனம் ஆடுகிறது.

எங்கிருந்து வந்தது அந்த பலம்? ஒரு வீச்சு செய்யும் வேலை அற்பம். ஆனால் அது வீணாகவில்லை, ஆட்டமாக வாளியில் தங்கியிருக்கிறது. அது தேய்வதற்குள் அடுத்த வீச்சு வந்து சேர்கிறது. நேரம் தவறி, எதிரே வரும்போது விசிறினால் சேர்ந்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. எவ்வளவு பலமாகத் தள்ளினோம் என்பதைவிட எப்போது தள்ளினோம் என்பதுதான் பெரிது.

ஆகவே துரைக்கு நான் எழுதியது பிழை. பாரம் அல்ல காரணம். காலடி.

அறுபத்து மூன்று வயதில், கையெழுத்துப் போட்டு ஒரு பிழை.

12 ஏப்ரல், வெள்ளி

விடிந்ததும் பாலத்துக்குப் போனேன், என் கணவருடைய கடிகாரத்தோடு. யாரும் இல்லை.

கைப்பிடி வடத்தைத் தடியால் ஓங்கி அடித்தேன். ஒரு மேடு எழுந்து வடத்தின்மேல் ஓடியது. அக்கரைக் கட்டையில் முட்டி என்னிடமே திரும்பி வந்தது. வடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அசைவு மட்டும் போய் வருகிறது. அலை என்று புத்தகத்தில் படித்ததை இன்றுதான் கையால் தொட்டேன்.

பிறகு நடுவில் நின்று முழங்காலை மடக்கி மடக்கி எழுந்தேன். (மூட்டு இன்று என்னை மன்னிக்காது.) பாலம் தனக்குப் பிடித்த வேகத்தில் ஆடத் தொடங்கியது. எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

தப்புப் பறை அடிக்கும் ஐயாசாமியை வரச் சொல்லி, கரகத்துக்கு என்ன அடி அடிப்பாயோ அதை அடி என்றேன். சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே அடித்தார். கடிகாரத்தை வைத்து எண்ணினேன்.

பாலம் – நிமிஷத்துக்கு நூற்று நாலு ஆட்டம்.
தப்பு – நிமிஷத்துக்கு நூற்று ஐந்து அடி.

இருநூறு பேரின் கால் அந்த அடிக்குத்தான் விழும்.

"பாலத்தில் போகும்போது தப்பை நிறுத்த முடியுமா, ஐயாசாமி?"

"கரகம் தலைக்கு ஏறிட்டா கோயில் வாசல் வரைக்கும் தப்பு நிக்கக் கூடாதும்மா. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நின்னதில்ல. நான் நிறுத்தினா என் கைய உடைப்பாங்க."

17 ஏப்ரல், புதன்

பிரட்டுக்களத்துக்கே போனேன். ஆள் கணக்கு எடுத்து முடியும்வரை காத்திருந்தேன். களத்து உத்தரத்தில் வாளியைத் தொங்கவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"பாரம் தாங்காது என்று நான் சொன்னது பிழை. கங்காணியார் மூட்டை வைத்துக் காட்டியது சரி. இப்போது இதையும் பாருங்கள்."

பனை விசிறியை எடுத்தேன்.

விசிறினேன். முதலில் சிரித்தார்கள். வாளி ஆட ஆடச் சிரிப்பு நின்றது. கங்காணி விசிறியைப் பிடுங்கி, "இதென்ன பெரிய வித்தை?" என்று அவசர அவசரமாக விசிறினார். ஆடிய வாளியும் நின்றுபோனது.

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கங்காணியாரே, வாளிக்கு வேர்க்குதா? அதுக்கு நல்லா காத்து வாங்கிக் குடுத்துட்டீங்க." களமே சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து அல்ல.

கங்காணி சிரிக்கவில்லை. வாளியையே பார்த்தார். "அதுக்காகத் தப்ப நிறுத்த முடியாதும்மா. ஆத்தா குத்தம்."

தப்பு கேட்டால் கால் அதற்குத்தான் விழும். அப்போது ஐயாசாமி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நிறுத்த வேணாம். பாலத்துல உருட்டிக்கிட்டே போறேன். விடாம கடகடன்னு உருட்டினா எவன் கால் வைப்பான் அதுக்கு?"

எனக்கு இது தோன்றவே இல்லை. புத்தகத்திலும் இல்லை.

19 ஏப்ரல், வெள்ளி

பார்க்காமல் நம்பமாட்டேன். பன்னிரண்டு ஆண்களைப் பாலத்தில் நிறுத்தினோம், கங்காணி முன்னால். முதலில் கரக அடி. இருபது எட்டுக்குள் பலகை எழும்பிவிட்டது. "நிறுத்து! நிறுத்துடா!" – கங்காணி இரண்டு கையாலும் வடத்தைக் கட்டிக்கொண்டார்.

பிறகு உருட்டல். அவரவர் கால் அவரவர் இஷ்டத்துக்கு. பாலம் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

கங்காணி முகம் வெளுத்துப்போய் வந்தார். தலைப்பாகைத் துணியால் கழுத்தைத் துடைத்தார். "செவ்வாய்க்கிழமை நீங்க அக்கரையில நிக்கணும்மா. கரகத்துக்கு எதிரா. பாலம் எழும்பினா கையக் காட்டணும்."

"வெள்ளைச் சேலை கட்டியவள் கரகத்துக்கு எதிரே நிற்பதா?"

நான் ஒவ்வொரு வருஷமும் கரகம் கிளம்பும்போது உள்ளே போய்விடுவேன். அவருக்குத் தெரியும்.

"வெள்ளை தூரத்துலேர்ந்து நல்லா தெரியும்லா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

23 ஏப்ரல், செவ்வாய்

நின்றேன்.

பேச்சியம்மாள் மஞ்சள் சேலையில், தலையில் கரகத்தோடு பாலத்தில் கால் வைத்தாள். ஐயாசாமி உருட்டத் தொடங்கினார். ஒரு தடவைக்கு முப்பது பேர் என்று கங்காணி பிரித்து விட்டார். அது நான் சொன்னதல்ல, அவருடைய யோசனை. நல்ல யோசனை.

முதல் முப்பது பேர் பாதிப் பாலம் வந்துவிட்டார்கள். பின்னாலிருந்த ஆண்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைதட்டி, "ஆத்தா! ஆத்தா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே தட்டு. கால் அதில் விழுந்தது. பலகை எழும்பியது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். கரகம் ஆடுவது தெரிந்தது. கீழே அந்தப் பாறை. கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

அவள் என் கையைப் பார்த்தாள். நிற்கவில்லை. கரகத்தோடு நிற்கக் கூடாது. குலவையிட்டாள். நீளமாக, மூச்சு விடாமல். கூட வந்த பெண்கள் அத்தனை பேரும் எடுத்தார்கள். குலவைக்குத் தாளம் ஏது? கைதட்டல் அதில் மூழ்கிப்போனது. கால்கள் சிதறின. பலகை மெல்ல மெல்லத் தணிந்தது, வாளி நின்றதுபோல.

கரையில் கால் வைத்ததும் பேச்சியம்மாள் எனக்கு நேர் எதிரே இருந்தாள். நான் விலகப் போனேன். "இருங்கம்மா" என்று என்னை உரசிக்கொண்டே போனாள். என் தோளில் மஞ்சள் தண்ணீர்.

சேலையை இன்னும் துவைக்கப் போடவில்லை.

5 மே, ஞாயிறு

துரை பாலத்தருகே அறிவிப்புப் பலகை அடித்திருக்கிறார்: நாலு பேருக்கு மேல் கூடாது. என் பிழைக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறது.

கடிதம் எழுதினேன். 'ஏப்ரல் நாலாம் தேதி நான் எழுதியது தவறு' என்ற வாக்கியத்துக்கு நாலு தாள் வீணானது. அதன் கீழே சரியான காரணம், எண்களோடு. அந்த அறிவிப்பை எடுத்துவிடுவாரா, தெரியாது. எடுக்கும்வரை எழுதுவேன்.

இன்று காலையிலும் பால் வாளிகளோடு ஆறு பேர் பாடிக்கொண்டு வந்தார்கள். பாலத்தில் கால் வைத்ததும் பாட்டு நின்றது. ஒருத்தி குட்டை அடி, ஒருத்தி நெட்டை அடி. இந்தக் கரைக்கு வந்ததும் விட்ட சொல்லிலிருந்தே பாட்டை எடுத்தார்கள்.