மகால் தூணை அளந்த கயிறு என்னுடையது

மனுதாரர்:
ரா. சின்னச்சாமி,
மரவாடியில் மரம் அளப்பவர்,
வடுகபட்டி, பெரியகுளம் தாலுகா.

சமுகம்:
மதுரை ஜில்லா கலெக்டர் துரையவர்கள்.

விஷயம்: என் சிநேகிதர் அழகுமலை மேல் போடப்பட்டுள்ள இரண்டாவது கேஸ்.

கனம் பொருந்திய துரையவர்களுக்கு,

1. நான் மரம் அளப்பவன். அழகுமலை அதே மரவாடியில் ரம்பம் இழுப்பவர். ராக்கையா வண்டி ஓட்டுபவர். மூவரும் பத்து வருஷச் சிநேகிதர்கள். எங்களில் அழகுமலைக்கு மட்டும், சில சாதியாரைக் கைரேகை பதிந்து கண்காணிக்கும் ரேகைச் சட்டப்படி போலீஸ் புஸ்தகத்தில் பெயர் இருக்கிறது. அவர் எதையும் திருடி அந்தப் பெயர் ஏறவில்லை. பிறந்த சாதிக்காக ஏறியது. தினமும் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். ஊர் தாண்டினால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும்.

2. மதுரைக்குப் போகலாம் என்று அவரைப் பிடித்து இழுத்தவன் நான். ராஜா வாழ்ந்த இடத்தைப் பார்க்காமல் செத்தால் கட்டை வேகாது என்று கேலி செய்தேன். அவரும் முறைப்படி சீட்டு வாங்கினார். அந்தச் சீட்டு சென்ற மே மாதம் 9ஆம் தேதி சனிக்கிழமை காலை முதல் மறுநாள் மாலை ஆறு மணி வரை செல்லும். தேனியில் ரயிலேறினோம். மதுரையில் இறங்கியதும் முதல் வேலையாக அங்குள்ள ஸ்டேஷனில் சீட்டைக் காட்டி முத்திரை வாங்கினோம். காபி குடித்ததே அதற்குப் பிறகுதான். மங்கம்மாள் சத்திரத்தில் தங்கி, அன்று தெப்பக்குளத்தைச் சுற்றிப் பார்த்தோம்.

3. ஞாயிறு காலை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனோம். தூண்களைக் கண்டதும் தொழில் புத்தி முன்னே வந்துவிட்டது. மரவாடியில் அடிமரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து, அதை நாலாக மடித்துத்தான் கன அடி கணக்கிடுவோம். இந்தத் தூண் மரமாக இருந்தால் எவ்வளவு தேறும் என்று எங்களுக்குள் பந்தயம். மடியிலிருந்த அளவுக் கயிற்றை எடுத்தவன் நான். அது எட்டவில்லை. அழகுமலை தலைத்துண்டை அவிழ்த்து, “இந்தாப்பா, இதையும் சேத்து முடி” என்று சிரித்தபடி கொடுத்தார். முடிச்சுப் போட்டவனும் நான்தான்.

4. மகாலில் கோர்ட்டு நடக்கிறது, தஸ்தாவேஜு அறைகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் கயிறும் துணியுமாக நின்றவர்களைக் காவல்காரர் பிடித்ததை நான் குறை சொல்லவில்லை. ஸ்டேஷனில் ஊர், தகப்பன் பெயர் கேட்டு என்னையும் ராக்கையாவையும் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அழகுமலையின் சீட்டைப் பார்த்தபின் அவரிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை. சுவரேறத் திட்டமிட்டதாகக் கேஸ். கயிறு என்னுடையது என்று சொல்வதற்காக மூன்று வாய்தாவும் கோர்ட்டு வாசலில் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆறு மாதம் விதித்தார்கள்.

5. அது இம்மாதம் 24ஆம் தேதி முடிகிறது. ஆனால் எங்கள் சரகத்து ஸ்டேஷனில் இரண்டாவது கேஸ் தயாராக இருக்கிறது. மே 10ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவர் ஊர் திரும்பி ஆஜராகவில்லையாம். துரையவர்களே, அந்த ஆறு மணிக்கு அவரை மதுரையில் லாக்கப்பில் பூட்டி வைத்திருந்ததும் போலீசார்தான். அதை எழுதிக் கொடுக்கக் கேட்டால், அந்தப் புஸ்தகம் வேறு, இந்தப் புஸ்தகம் வேறு என்கிறார்கள். வேறு இரண்டு ஆபீசுகளுக்கு மனுப் போட்டேன், பதில் இல்லை. இதற்கும் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

6. அவர் மனைவி மாயக்காள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. “அண்ணே, அவுக எல்லாத்தையும் நல்லாப் பாத்தாகளா?” என்றுதான் கேட்டார். பார்த்தார் என்று சொன்னேன். 24ஆம் தேதி ஜெயில் வாசலுக்கு என்னோடு வருவதாக இருக்கிறார். வெளியே வந்ததும் மறுபடி விலங்கு என்பது அவருக்குத் தெரியாது. அழகுமலைக்குத் தெரியும். சென்ற வாரம் ஜெயிலில் பார்த்தபோது, “மாயக்காளக் கூட்டியாந்துராதப்பா” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே, மே 10ஆம் தேதி மாலை அவர் போலீஸ் காவலில் இருந்ததை விசாரித்து, இரண்டாவது கேஸைத் தள்ளிவிட உத்தரவாக வேண்டுகிறேன். கேஸுக்கு ஆள் வேண்டுமென்றால் கயிற்றுக்காரன் நான் வருகிறேன். இவை எதற்கும் சட்டம் இடம் தராது என்றால், 24ஆம் தேதி மாயக்காளை அழைத்து வரலாமா, கூடாதா என்பதை மட்டுமாவது முன்கூட்டித் தெரிவிக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

வடுகபட்டி,
2-11-1936.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ரா. சின்னச்சாமி