பல் தெரியாத படம்

என் செல்லத் தங்கச்சிக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன்னைப் பார்க்க வருவதற்கான விசா என் பல்லால் தள்ளிப்போகிறது. படத்தில் பல் தெரியக்கூடாதாம். நம் வீட்டுப் பல்லை மூடுகிற அளவுக்கு நமக்கு உதடு ஏது?

இரண்டு தடவை சிரித்துக் கெடுத்தேன். படம் எடுப்பவர், "யாரைப் பார்க்கப் போறீங்கக்கா?" என்றார்.

"ஆஸ்பத்திரியில இருக்கிற தங்கச்சிய."

"இப்ப எப்படி இருக்காங்க?"

உன் வீட்டுக்காரர் போனில் சொன்னதைச் சொன்னேன், அது உனக்கு வேண்டாம். சொல்லி முடித்ததும் படம் எடுப்பவர் சட்டென்று படத்தை எடுத்துவிட்டார். பல் தெரியவில்லை.

நீ ஒழுங்காகச் சாப்பிடு. எலும்பாகிவிட்டால் அடையாளம் தெரியாமல் பக்கத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இன்று விசா ஆபீசில் சிரித்துக்கொண்டே படத்தை நீட்டினேன். அந்தப் பெண் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீங்க இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உன் அக்கா