சக்கரத்துக்குள்ளே சிவப்புச் சாயம்

ஜெலாப்பாங், ஈப்போ
செப்டம்பர் 1983

அன்பு மகள் வளர்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த மான்செஸ்டர் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் உன் உடம்பு கெடாமல் இருக்க முருகன் துணை நிற்பான். தீபாவளிக்கு வருகிறேன் என்று நீ போட்ட கடிதம் கிடைத்தது, அதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கோபிக்காதே, என் விரல் முழுக்கச் சிவப்புச் சாயம், நகக்கண்ணில் போனது தேய்த்தும் போகவில்லை, ஃபேக்டரியில் பக்கத்து மிஷின் மலாய்க்காரப் பெண் கல்யாணமா, மருதாணியா என்று கேட்டாள். காருக்குச் சாயம் அடித்தேன் என்றதும் அவள் நம்பவே இல்லை.

ஆமாம், நம் கார்தான். எதிர்வீட்டு ஸ்கந்தராஜா ஐயா ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போகும்போது அந்த டட்சன் காரை நமக்கே கொடுத்துவிட்டுப் போனார் என்று முன்பே எழுதியிருந்தேன். நான் கார் ஓட்டப் படிக்கிறேன் என்று மட்டும் எழுதவில்லை, தோற்றுப்போனால் நீ சிரிப்பாய் என்று பயம். முதல் தடவை தோற்றேன், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள், வண்டி பின்னால் உருண்டுவிட்டது. இரண்டாம் தடவை விட்டேனா பார். லைசென்ஸ் கையில் இருக்கிறது, படத்தில் முகம்தான் திருடி மாதிரி விழுந்திருக்கிறது. இப்போது சந்தைக்கு, கோயிலுக்கு, லகாட்டில் உன் மாமன் வீட்டுக்கு எல்லாம் நானேதான் ஓட்டிக்கொண்டு போகிறேன், தனியாக. ஏன் தனியாக என்று கேட்பாய், அப்பா ஏறமாட்டேன் என்கிறார். வாசலில் நின்று கேட்டைத் திறந்துவிடுவார், மூடுவார், அதோடு சரி. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், பொம்பள ஓட்டுற வண்டில நான் உக்கார்றதா, எனக்கு சைக்கிள் இருக்கு லா என்று வீறாப்பாகச் சொல்லிவிடுவார்.

ஆனால் விஷயம் அது இல்லை, அதை உனக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ சீமைக்குப் போன அன்று அப்பா சுபாங் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை என்பது உன் மனதில் முள்ளாகத் தைத்திருக்கிறது, ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவுக்கு இன்னும் கோபமா என்று கேட்கிறாய். பாகான் டத்தோ மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் படிக்கப் போனதால் கோபம் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய், அவரும் ஆமாம் என்று இருந்துவிட்டார். கோபமாவது ஒன்றாவது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து லோரி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் காண்டா வாய்க்காலில் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா, அப்பாவுக்கு முட்டி உடைந்தது, ஓட்டின அர்ச்சுனன் பிழைக்கவில்லை. அர்ச்சுனன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பா. அன்றைக்குப் பிறகு பஸ், ரயில் என்றால் ஏறுவார், காரிலும் லோரியிலும் கால் வைத்ததில்லை. நீ கிளம்பின அன்று ஸ்கந்தராஜா ஐயாவின் காரில் நாம் எல்லோரும் ஏறிவிட்டோம், அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு எனக்கு வேலை இருக்கு போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், உன் பழைய பள்ளிக்கூடச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், அந்தச் சத்தியம் இன்றைக்கு உடைந்தது, பரவாயில்லை.

நீ வருகிறாய் என்ற கடிதத்தைப் படித்ததும் நான் சொல்லிவிட்டேன், பிள்ளையை அழைத்துவர நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன், நீங்கள் வந்தாக வேண்டும் என்று. அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பிரேக் சரியா இருக்கா என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு. அடுத்த வரிசை வீட்டுப் பையன் பத்துமலை, கார் வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறான் அல்லவா, அவனைக் கூப்பிட்டு முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தட்டு இருக்கிறது, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கட்டி ஒன்று இருக்கிறது, அதற்குக் கேலிப்பர் என்று பெயராம், நாம் காலால் மிதித்தால் அதுதான் பிடித்து நிறுத்துகிறது. அதன் மேல் அப்படி ஒரு துரு. அக்கா, பிரேக் நல்லாத்தான் பிடிக்குது, துரு மேலாப்புலதான், தேச்சிட்டு சூடு தாங்குற சாயம் அடிச்சா இன்னும் பல வருசம் ஓடும் என்றான். நான் அடிக்கட்டுமா என்று அவன் கேட்டான், வேண்டாம், நானே அடிக்கிறேன் என்றேன். என் கையால் செய்தால்தான் அவர் நம்புவார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

சீனன் கெடாயில், அந்த இரும்புச் சாமான் கடையில், சூடு தாங்குற சாயம் கறுப்பு, வெள்ளி, சிவப்பு என்று மூன்று இருந்தது. சிவப்பை எடுத்தேன். வெளிய தெரியாத சாமானுக்கு எதுக்குக்கா சிவப்பு என்று பத்துமலை கேட்டான், எனக்குத் தெரியும் இல்லையா, அது போதும் என்றேன். சனிக்கிழமை லீவு, காரைப் போர்ச்சில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன் பார், என் தலைமுடி எல்லாம் துருத்தூள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். சாயம் படக்கூடாத இடம் நிறைய இருக்கிறது, வட்டத் தட்டில் படக்கூடாது, பிரேக் கட்டையில் படக்கூடாது, ரப்பர் மூடியில் படக்கூடாது, அங்கெல்லாம் நியூஸ்பேப்பரை ஒட்டி மறை என்று பத்துமலை சொல்லியிருந்தான். பேப்பர் சந்துபொந்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தோட்டத்தில் அத்தனை வருஷம் மரம் வெட்டிப் பால் எடுத்தவள் நான், ரப்பர் பால் இருக்கும்போது பேப்பர் எதற்கு. மறுநாள் விடியலில் பஸ் பிடித்து லகாட்டுக்குப் போனேன், உன் மாமன் வீட்டுப் பின்னால் இன்னும் நாலைந்து பால்மரம் நிற்கிறது, உளி வாங்கி நானே வெட்டினேன், கை மறக்கவில்லை பிள்ளை, இரண்டு மங்கு நிறைய எடுத்து, உறையாமல் இருக்க அமோனியா சொட்டு விட்டுக் கொண்டு வந்தேன். மறைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அந்தப் பாலைப் பூசினேன், காய்ந்ததும் சாயத்தை அடித்தேன், இரண்டு கை. சாயம் காய்ந்த பிறகு மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரிக்கிற மாதிரி ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், அப்படியே சுருண்டு வந்துவிட்டது, கோடு போட்ட மாதிரி சுத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், வெளியே வரவில்லை.

பத்துமலை வந்து சக்கரத்தை மாட்டிக் கொடுத்தான், சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, ஜெலாப்பாங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வாசலில் வந்து நிறுத்துகிறேன், கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா மூக்கைச் சுளித்தார். ரப்பர் ஷீட்டை உலர்த்துகிற புகை வீட்டில் வேலை செய்தவருக்குத் தெரியாதா. ஏ நவமணி, எறங்கு, ரப்பர் கருகுற வாசம் வருது, எங்கடி பூசின அந்தப் பால என்று கேட்டார். இறங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். வட்டத் தட்டின் முன்பக்கத்தை உரித்தேனே தவிர உள்பக்கம் பூசினதை உரிக்க மறந்துபோனேன், அது சூட்டில் உருகிப் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டது. சரி, இனி இந்த ஜென்மத்தில் இவர் ஏறமாட்டார், நானே கெடுத்தேன் என்று அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மடங்காத அந்த முட்டியை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பத்துமலையைக் கூப்பிட்டு மறுபடி சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, அந்தப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். அவன் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பிரேக் கட்டையையும் புதிதாக மாற்றினான். அப்பா அவனைக் குடைந்து எடுத்துவிட்டார், இது எதுக்கு, அது எதுக்கு, எண்ணெய் எங்கேருந்து வருது, ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்குமா என்று. பிடிக்கும் ஐயாவு அண்ணே, அதுக்குத்தான் கைபிரேக்கும் இருக்கு என்று அவன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் கை கழுவினார். நான் வண்டியை எடுத்துப் பார்க்க ஏறினேன். பக்கத்துக் கதவு திறந்தது, பார்க்கிறேன், அப்பா. முனை வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டெஸ்ட்டில்கூட நான் இத்தனை மெதுவாக ஓட்டினதில்லை பிள்ளை. முனை வந்தது, நிறுத்தினேன், சுத்தமாக நின்றது. இன்னொரு தடவ என்றார். அப்படியே பெரிய ரோட்டுக்குப் போய்விட்டோம், கோயிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினோம். இறங்கும்போது முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடவில்லை, ஆனால் காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார், அவர் பக்கம் பிரேக் இருக்கிற மாதிரி. அடிவாரத்தில் சந்தியின் வெள்ளைக் கோட்டில் வண்டியை நிறுத்தினேன். அப்பா வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மேல போயி எறங்கு என்றார். போய் இறங்கினேன். மறுபடி என்றார், மறுபடி இறங்கினேன். இறங்க இறங்க அந்தக் கை பலகையிலிருந்து விலகி மடிக்கு வந்துவிட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஹார்னை அழுத்திக்கொண்டேதான் வீடு வந்தேன், தெருவே வெளியே வந்து பார்த்தது.

நீ எந்த விமானத்தில் எத்தனை மணிக்கு வருகிறாய் என்று உடனே எழுது, டெக்சி பிடிக்கிறேன், தோழி வீட்டில் தங்குகிறேன் என்ற பேச்சே வேண்டாம். எங்களுக்கு என்று ஒன்றும் வாங்கிச் சுமக்காதே. ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, தலைக்கு ஈரத்தோடு வெளியே போகாதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நல்லபடி வந்து சேர வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. கடிதத்தை மூடப் போகிறேன், உங்களுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன், எப்போதும் கேட்பதுதான், எப்போதும் ஒன்றும் இல்லை என்பார். இன்றைக்கு, எழுது, சுபாங் போகும்போது முன்சீட்டு எனக்கு, வரும்போது முன்சீட்டுல என் புள்ள உக்காரட்டும், நான் பின்னால இருந்து பார்த்துக்கிட்டே வாரேன் என்றார்.

இப்படிக்கு,
கார் ஓட்டும் உன் அம்மா
நவமணி